அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா?

2006 ஜூன் 7, புதன்

மேலவை கூடப்போகிறது என்றாலே எனக்குக் கழுத்துவலி வந்துவிடும். காலையிலிருந்து கேள்வி, கேள்வி, கேள்வி. எல்லாம் கன்னடத்தில். பகல் பூராவும் கன்னடம் டைப் அடித்துவிட்டு இங்கே தமிழில் எழுத உட்காரும்போதுதான் விரல்கள் என் விரல்கள் மாதிரி இருக்கின்றன. ஆபீசில் யாருக்கும் இதைப் படிக்கத் தெரியாது. தைரியமாகத் திட்டலாம்.

திட்ட இன்று நல்ல விஷயம் கிடைத்திருக்கிறது. எங்கள் எம்.எல்.சி., அதாவது மேலவை உறுப்பினர் புட்டசாமய்யா (ஆபீசில் எல்லாரும் சாஹேப்ரு என்போம்) லண்டன் லாட்டரியில் ஏமாந்துவிட்டார்! கம்ப்யூட்டரில் கடிதம் வந்ததாம், பரிசு விழுந்திருக்கிறது, அனுப்பும் செலவுக்குப் பணம் கட்டு என்று. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுமா? அவர் கட்டியிருக்கிறார். ஆபீஸ் அவர் வீட்டின் முன்பக்கம்தான்; அவர் வீட்டம்மாதான் சமையலறையில் வைத்து என்னிடம் சொல்லி அழுதார்கள்.

சாஹேப்ரு என்னைக் கூப்பிட்டு, "வனஜா, இந்த ஆன்லைன் மோசடி பற்றி ஒரு கேள்வி எழுது. என் நண்பர் ஒருவர் ஏமாந்துவிட்டார்" என்றார். எந்த நண்பர் சார் என்று கேட்டேன். "அது உனக்கு எதுக்கு?" முகம் செவசெவ என்று ஆகிவிட்டது. "மரியாதைக்குரிய குடிமக்கள் பலர் ஏமாற்றப்படுவது அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா?" என்று அடித்துக் கொடுத்தேன். மரியாதைக்குரிய என்ற வார்த்தையைப் பார்த்துத் தலையாட்டினார். பிடித்திருந்தது.

வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டு ஒரு கட்டாக என்னிடம் கொடுத்துவிடுவார். நான் நிரப்ப வேண்டும். எட்டு வருடமாக இதுதான் வேலை. கையெழுத்து அவருடையது, கேள்வி என்னுடையது, பதில் யாருடையது என்று கேட்டால் மந்திரிக்கே தெரியாது.

ஜூன் 11, ஞாயிறு

மழை. தகரத்தின் மேல் மழை பெய்தால் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேச முடியாது. அதுவும் நல்லதுக்குத்தான். இன்று பேசியதெல்லாம் சண்டை.

வைஷ்ணவி காலேஜ் விண்ணப்பத்தில் முகவரி என்ற இடத்தில் அவள் தோழி அதிதியின் காக்ஸ் டவுன் முகவரியை எழுதி வைத்திருக்கிறாள். ஏண்டி, உனக்கு வீடு இல்லையா என்றேன்.

"ஷெட் காலனின்னு எழுதினா மொத நாளே எனக்கு அதையே பேரா வெச்சுருவாங்கம்மா. நீயே உன் ஆபீஸ்ல எங்க இருக்கேன்னு சொல்றே? ஜீவனஹள்ளி பக்கம்னுதானே சொல்றே?"

கேள்வி எழுதுகிறவளுக்குப் பதில் எதற்கு.

தொண்ணூற்றொன்று டிசம்பரில், தமிழர்களை அடித்து விரட்டின காவேரி கலாட்டாவில், எங்கள் குடிசை எரிந்தபோது இவளுக்கு இரண்டு வயது. இடுப்பில் வைத்துக்கொண்டு ஜோலார்பேட்டை ரயிலில் ஏறினேன். அடுத்த வருடம் திரும்பி வந்தோம். திரும்பாமல் எங்கே போவது? நான் பிறந்தது இங்கே, பெங்களூரில். என் வீட்டுக்காரருடைய அப்பா வேலை பார்த்துச் செத்தது இங்கே. ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம் அரசாங்கம் வரிசையாகத் தகர ஷெட் போட்டுக் கொடுத்தது. தற்காலிகம் என்றார்கள். சீக்கிரமே கல் கட்டடம், ஹக்குபத்ர எல்லாம் வரும் என்றார்கள். ஹக்குபத்ர என்றால் இங்கே பட்டா. அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது பதினான்கு வயதாகிறது. விட்டால் எஸ்.எஸ்.எல்.சி. எழுதும்.

சாஹேப்ருவிடம் நான் வேலைக்குச் சேர்ந்ததே இதற்காகத்தான். "உங்கள் காலனி ஹக்குபத்ர என் பொறுப்பு" என்று முதல் நாள் சொன்னார். வருடா வருடம் உகாதிக்கு ஒரு முறை சொல்கிறார். சம்பளம் ஏற்றிக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தால் அந்த ஹக்குபத்ர வந்து வாயை அடைக்கிறது. வேறு வேலைக்குப் போகலாம் என்றாலும் அதேதான். கட்டிப்போட்ட மாடு என்றால் கயிறாவது தெரியும்.

ஜூன் 14, புதன்

விண்ணப்பம் போய்விட்டது. காக்ஸ் டவுன் முகவரியோடு.

ஜூன் 19, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

சாஹேப்ருவின் மாப்பிள்ளை ஸ்ரீஹர்ஷா வந்திருந்தார். அடுக்குமாடி கட்டுகிறவர். வந்தால் எனக்கும் சேர்த்துக் காபி சொல்லுவார், அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவர். இன்று இரண்டு கேள்வி சொல்லச் சொல்ல அடித்தேன். முதலாவது, வீட்டு வசதி வாரியத்தில் கட்டி முடித்தும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பற்றி. சரி, நல்ல கேள்விதான். இரண்டாவது, தொண்ணூற்றொன்றில் வந்த அகதிகளுக்காக அரசு இதுவரை செய்த செலவு எவ்வளவு, அவர்களுக்குப் போட்ட தற்காலிக ஷெட்டுகள் யார் பிடியில் இருக்கின்றன, அந்த நிலத்தை அரசு எப்போது மீட்கும்.

கன்னடத்தில் 'நிராஷ்ரிதரு' என்றார். அகதிகள். எனக்கு விரல் நின்றுவிட்டது.

எந்த ஷெட் சார் என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"ஜீவனஹள்ளி தாண்டி, ரயில்வே லைன் பக்கம். நல்ல ஜாகா அம்மா அது. வீணாகக் கிடக்கிறது."

அவருக்கு நான் அங்கே இருப்பது தெரியாது. சாஹேப்ருவுக்குத் தெரியும். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை காருக்குப் போனதும் கதவைச் சாத்தினார். "நீ பயப்படாதே வனஜா. பதில் வந்ததும் மந்திரியை நெருக்கி நிலத்தைக் காலி செய்ய வைப்போம். அங்கே கட்டடம் வரும். அதில் உனக்கு ஒரு ஃப்ளாட். உனக்கு மட்டும். வெளியே மூச்சு விடாதே. வெள்ளிக்கிழமைக்குள் கேள்வி போய்விட வேண்டும்."

உனக்கு மட்டும்!

அகதியாம். நாங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தோம்? அந்தத் தெருவிலிருந்து இந்தத் தெருவுக்கு வந்தோம். பஸ்ஸில் ஒரு டிக்கெட். எங்களை விரட்டுகிற கேள்வியை என் கையாலேயே எழுதச் சொல்கிறார். நான் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதுவார்கள். வேலையும் போகும், ஷெட்டும் போகும். எழுதினால் எனக்கு ஃப்ளாட், பக்கத்து வீட்டுக்காரிக்கு நடுத்தெரு. இப்படி ஒரு மாட்டல் யாருக்காவது உண்டா? யாரிடம் போய்ச் சொல்ல?

ஜூன் 20, செவ்வாய்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

பொம்மசந்திராவிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வந்து கால் வீக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுத் துணியைப் பிழிந்து வாளி மேல் போட்டார். பிறகு, "ஊரையே காப்பாத்த நீ யாரு வனஜா? ஒரு வூடு குடுக்கறேன்றாரு. வாங்கிக்கினு போவோம். பொண்ணு முகவரி எழுதக் கூசுது. எனக்கும் இந்த ஷீட்டுக்குள்ள இன்னும் எத்தினி வெயில் தாங்கும்?"

கத்தினேன். மனசாட்சி இல்லையா, பக்கத்து ஷெட் சந்திரம்மா அக்கா முகத்தில் எப்படி முழிப்பீங்க என்று கத்தினேன். எனக்கு ஏன் அவ்வளவு கோபம்? அவர் சொன்னதை அவருக்கு முன்னாலேயே நானும் நினைத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போதே நினைத்தேன். மூன்றாவது மாடி கிடைத்தால் துணி சீக்கிரம் காயும் என்றுகூட நினைத்தேன்.

ஜூன் 22, வியாழன்

அடுத்த ஷெட் சந்திரம்மா அக்கா முருங்கைக்கீரை கொண்டுவந்தார். அன்றைக்கு ஜோலார்பேட்டை ரயிலில் கூட்டத்தோடு கூட்டமாக என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டது இந்த அக்காதான். "ஆபீஸ்ல நம்ம பட்டா விசயம் எதனா சொன்னாரா வனஜா?" என்றார்.

இல்லக்கா என்றேன். கீரை நன்றாக இருந்தது. என் பங்கையும் வைஷ்ணவி தட்டில் வைத்துவிட்டேன்.

ஜூன் 23, வெள்ளி

எழுதிவிட்டேன். எழுதி, அவருடைய கையெழுத்துள்ள தாளில் அடித்து, விதான சௌதாவில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆனால் அவர்கள் சொன்னபடி எழுதவில்லை. சொன்னதெல்லாம் இருக்கிறது, செலவு, ஷெட், நிலம் எல்லாம். முன்னால் ஒரு வரி சேர்த்தேன், அவ்வளவுதான். "தொண்ணூற்றொன்றில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தற்காலிக ஷெட்டுகளில் வசித்து வருவது அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா?"

இந்தத் தொழிலில் பாலபாடம் இது. பதில் வேண்டுமென்றால் இப்படி ஆரம்பிக்கவே கூடாது. ஆரம்பித்தால் அதிகாரி 'பந்தில்ல', அதாவது வரவில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அதற்குக் கீழே எத்தனை கேட்டிருந்தாலும் எல்லாவற்றுக்கும் எதிரே 'உத்பவிசுவுதில்ல' என்று போட்டுக்கொண்டே போவார். வராத விஷயத்தில் கேள்வியே எழாது என்று அர்த்தம். லாட்டரிக் கேள்வியை அப்படி ஆரம்பித்தால் பாதகமில்லை. போலீசில் கேஸ் இருக்கிறது, வரவில்லை என்று சொல்ல முடியாது. எங்கள் ஷெட் ஃபைலோ துறை துறையாகக் கை மாறி இப்போது எந்த அலமாரியில் கிடக்கிறது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். தேடுவதைவிட வரவில்லை என்பது சுலபம்.

ஷெட்டே இல்லை என்று அரசு சொல்லிவிட்டால் இல்லாத ஷெட்டைக் காலி செய் என்று சாஹேப்ரு எப்படிக் கேட்பார்?

கொண்டுபோவதற்கு முன்னால் ஸ்ரீஹர்ஷா படித்துப் பார்த்தார். "முதல் வரி ரொம்ப மரியாதையாக இருக்கிறதே" என்றார். மேலவை சார், அப்படித்தான் என்றேன்.

ஜூலை 3, திங்கள்

சபையில் எந்தக் கேள்வி முதலில் என்று போடும் குலுக்கலில் எங்கள் கேள்வி முன்வரிசையில் வந்துவிட்டது. 18ஆம் தேதி சபையிலேயே பதில். ஸ்ரீஹர்ஷா மைசூர்பாக் வாங்கி வந்தார். நானும் ஒன்று தின்றேன், வேறென்ன செய்ய.

ஜூலை 10, திங்கள்

துறையிலிருந்து சீனிவாசராகவன் சார் போன். பதில் தயாரிக்கிற அதிகாரி. மூன்று தலைமுறையாக இங்கே அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற குடும்பம், என்னோடு மட்டும் தமிழில் பேசுவார். கேள்வி வந்தால் உறுப்பினர் எவ்வளவு நெருக்குவார் என்று எங்களைப் போன்றவர்களிடம் விசாரித்துக்கொண்டுதான் அவர்கள் பேனாவை எடுப்பார்கள். அது வழக்கம்.

"ஏம்மா, இந்த ஷெட் விஷயத்துல உங்க சாஹேபர் தீவிரமா இருக்காரா? பழைய ஃபைல் ஒண்ணும் ஆப்பிட மாட்டேங்கறதே."

அப்படி ஒன்றும் இல்லை சார், யாரோ கேட்டார்கள் என்று போட்டது, அவர் மனசெல்லாம் லாட்டரி கேள்வியில்தான் என்றேன்.

"அப்போ வரலைன்னே முடிச்சுடட்டுமா?"

முடிச்சுடுங்க சார்.

"மகராசியா இரு" என்று போனை வைத்தார்.

எவ்வளவு சுலபமாக இருந்தது! போனை வைத்த பிறகு காலண்டரில் தேதியைப் பார்த்தேன். பயம்தான், வேறென்ன. பதினெட்டாம் தேதி தாண்ட வேண்டும்.

ஜூலை 18, செவ்வாய்

முடிந்தது.

லாபியில் ஸ்பீக்கர் வழியாகக் கேட்டேன். முதலில் லாட்டரி. மந்திரி, "பந்திதே" என்றார். வந்திருக்கிறது, வழக்குகள் பதிவாகியிருக்கின்றன, பேராசைப்பட வேண்டாம் என்று பொதுமக்களுக்கு அறிவுரை வழங்கப்படுகிறது என்று வாசித்தார். பேராசை என்றதும் யாரோ சிரித்தார்கள். சாஹேப்ரு எப்படி இருந்தாரோ.

அந்தச் சூட்டோடு எங்கள் கேள்வி. பந்தில்ல. உத்பவிசுவுதில்ல. உத்பவிசுவுதில்ல. உத்பவிசுவுதில்ல. மந்திரி கோயில் மணி அடிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார். சாஹேப்ரு எழுந்து, "அது எப்படி? இருக்கிறதே!" என்றார். எங்கே இருக்கிறது, உறுப்பினர் ஆதாரம் கொடுக்கட்டும் என்றார்கள். ஆதாரம் கொடுக்க அவரிடம் என்ன இருக்கிறது? எல்லாக் காகிதமும் என் பையில். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

வெளியே வந்து என்னைப் பிடித்துக் கத்தினார். தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு வந்துவிடுமோ என்று பயம்.

லிங்கராஜபுரத்தில் இறங்கி மல்லிகைப்பூவும் அரைக்கிலோ கோழியும் வாங்கினேன். என்ன விசேஷம் என்று வைஷ்ணவி கேட்டாள். நம்ம வீடு இருக்கிறது, அதுதான் விசேஷம் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. இலையைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்தார்.

ஜூலை 29, சனி

ஃப்ளாட் பேச்சை சாஹேப்ரு எடுக்கவே இல்லை. அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. எந்த அவர் என்றா? இரண்டு பேரும்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

காலனிச் சங்கத் தலைவர் இளங்கோவன் ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டு வீடு வீடாக வந்து ரேஷன் கார்டு நகல் வாங்கிக்கொண்டு போனான். ரொம்ப நாளாகக் குடியிருக்கிற ஏழைகளுக்கு ஹக்குபத்ர கொடுக்க மனு வாங்குகிறார்களாம். "இந்தத் தபா வந்துரும்க்கா. யார் காலும் புடிக்க வேணாம்."

வந்தால் நல்லதுதான். வந்துவிட்டால் நான் அடுத்த நாளே அந்த ஆபீஸ் படியில் நின்று, வருகிறேன் சாஹேப்ரே என்று கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன். என்ன புடவை கட்டிக்கொண்டு போவது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

நவம்பர் 1, புதன்

ராஜ்யோத்சவம், கர்நாடக மாநிலம் உருவான நாள். இந்த வட்டாரத்திலேயே பெரிய மஞ்சள் சிவப்புக் கன்னடக் கொடி எங்கள் காலனி வாசலில்தான். இளங்கோவன் கட்டியது. அடிவாங்கினவனுக்குத்தான் கொடி பெரிதாக வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 11, திங்கள்

மனு திரும்பி வந்துவிட்டது. எல்லாருடையதும்.

தண்ணீர்க் குழாயடியில் இளங்கோவன் அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டினான். இப்படிப்பட்ட குடும்பங்கள் இங்கே இருப்பதாக அரசின் கவனத்துக்கு வரவில்லை என்று ஜூலை மாதம் மேலவையில் பதில் தரப்பட்டுவிட்டது, ஆகவே இந்தக் கோரிக்கை எழவில்லை. கேள்வி, பதில் இரண்டின் நகலும் கூடவே இருந்தது. நான் அடித்த கேள்வி. என் ஆபீஸ் கம்ப்யூட்டரின் எழுத்து. அந்த 'க'வின் வால் கொஞ்சம் தேய்ந்திருக்கும், பிரிண்டர் கோளாறு.

"எவன்க்கா இந்தக் கேள்விய கேட்டவன்? உங்க சாகேப்பு பேரு இருக்குது. நீ அங்கதான வேல செய்யறே, உனக்குத் தெரியாதா?"

தெரியாதுன்னு சொன்னேன். குடம் நிரம்பி வழிந்து கால் நனைந்தது.

சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான். வேறு யாராவது வைத்திருந்தால் மண்ணை வாரித் தூற்றலாம். நான் யாரைத் தூற்ற?

டிசம்பர் 12, செவ்வாய்

சீனிவாசராகவன் சாருக்கு போன் செய்தேன். அந்தப் பதிலை மாற்ற முடியாதா சார், ஃபைல் கிடைத்தது என்று ஏதாவது...

"சபையில சொன்னது சொன்னதும்மா. மாத்தணும்னா மந்திரி எழுந்து நான் தப்பாச் சொன்னேன்னு சொல்லணும். எந்த மந்திரி சொல்லுவார்? நீங்கதானே முடிச்சுடுங்கன்னேள்?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்களுக்கு இதுல என்னம்மா?" என்றார்.

எனக்கு இதில் என்ன. நல்ல கேள்வி. முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

2007 ஜனவரி 1, திங்கள்

புது வருஷம். பழைய ஷீட். ஆணி இருந்த இடத்தில் ஒழுகுகிறது, தார் வைத்து அடைத்தோம். சந்திரம்மா அக்கா கேக் கொடுத்தார். குழாயடிக்கு எல்லாரும் போய்வந்த பிறகுதான் நான் போகிறேன்.

பிப்ரவரி 5, திங்கள்

மத்தியானம் காவேரித் தீர்ப்பு வந்துவிட்டது. டி.வி.யில் சொல்லி முடிப்பதற்குள் ரோட்டில் ஷட்டர் விழுகிற சத்தம். சாஹேப்ரு தானே வெளியே வந்து, "வீட்டுக்குப் போ வனஜா. பஸ்ஸில் தமிழ் பேசாதே" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். கெட்டவர் என்றே ஒருவரை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

வைஷ்ணவிக்கு போன் போட்டு அதிதி வீட்டிலேயே இரு என்றேன். "இல்லம்மா, நான் வரேன். நீங்க எல்லாம் அங்க இருக்கறப்போ நான் மட்டும் இங்க எப்படி?" வந்துவிட்டாள். இவர் பாதி வழியில் இறங்கி நடந்தே வந்தார், வீங்கின காலோடு.

காலனி வாசலில் ஆண்கள் நிற்கிறார்கள். மாரியம்மன் கோயில் மைக்கை நிறுத்திவிட்டோம். சந்திரம்மா அக்கா ரேஷன் கார்டையும் கல்யாண போட்டோவையும் பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கும் இப்படித்தான் கட்டியிருந்தார்.

பயமாக இருக்கிறது. எரிப்பார்கள் என்றுகூட இல்லை. எரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அன்றைக்குக் குடிசை எரிந்தது, எரிந்தது என்று அரசாங்கம் எழுதிக்கொண்டது, ஷெட் போட்டது. இன்றைக்கு எரிந்தால்? இங்கே வீடு இல்லை, ஆள் இல்லை என்று சபையில் சொல்லியாகிவிட்டது. எரிந்ததாகக்கூட யாரும் எழுத மாட்டார்கள். என் பொண்ணு, அவர், அக்கா, எல்லாரையும் நான் ஒரு வரியில் இல்லாமல் பண்ணிட்டேனே. அய்யோ, என்ன காரியம் பண்ணினேன் நான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் நாய்கூட இல்லை.

காலையில் குழாயடியில் எல்லாரும் இருக்கும்போது சொல்லிவிட்டேன். கேள்வியை நான்தான் எழுதினேன், ஏன் எழுதினேன், ஃப்ளாட் பேச்சு, எல்லாம். இளங்கோவன் கையிலிருந்த குடத்தைத் தூக்கி எறிந்தான்.

"ஏழு மாசமாக்கா! குழாய்க்கு வந்துக்கினுதான இருந்தே. ஒரு வார்த்த வரல உன் வாயில?"

"அவ அன்னிக்கு அப்டி எழுதலன்னா அன்னிக்கே ஜேசிபி வந்திருக்கும்டா" என்றார் சந்திரம்மா அக்கா.

"இப்ப மட்டும் வராதா? இல்லாத வூட்ட இடிக்க நோட்டீஸ்கூட வேணாம்!"

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். யாரும் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சந்திரம்மா அக்கா குழாயை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். அழுதிருந்தார் என்று நினைக்கிறேன். "எழுதினவதான் எழுதணும். வேற யாருக்கு இங்க அது தெரியும்?"

பிப்ரவரி 12, திங்கள்

பந்த். எங்கேயும் போக முடியாது, எங்கள் வீட்டுக்குள்ளேயே ஏழெட்டுப் பேர். தரையில் உட்கார்ந்து மனு எழுதினேன். மேலவைத் தலைவருக்கு ஒன்று, துறைக்கு ஒன்று. கன்னடத்தில்தான்.

முதல் வரிக்குத்தான் நேரம் ஆனது. கவனத்துக்கு வந்துள்ளதா, வரவில்லையா, எதுவும் கேட்கவில்லை. "நாங்கள் இங்கே குடியிருக்கிறோம். இந்த வீடுகளைப் போட்டுக் கொடுத்தது அரசு." அதிலிருந்து ஆரம்பித்தேன். எட்டு வருடத்தில் கேள்விக்குறி இல்லாமல் நான் எழுதின முதல் காகிதம்.

அவர் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். "இத்தப் படிச்சுட்டு, ஓ, இருக்காங்களான்னு காலி பண்ண வந்துட்டா?"

வரலாம் என்றேன். இல்லாமல் இருந்தால் பட்டா கிடையாது. இருந்தால் இடிக்கலாம். ஜூனில் எந்தப் பொறியில் நின்றேனோ அதே பொறிதான். அன்றைக்குத் தனியாக நின்றேன், இன்றைக்கு எல்லாரும் நிற்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கையெழுத்து வாங்கும்போது இளங்கோவன், "நீ போடாதக்கா. வேல போயிரும். உன் வூட்டுக்கு அண்ணன் போடட்டும்" என்றான். குழாயடியில் குடத்தை எறிந்த பிறகு அவன் என்னோடு பேசியதே இப்போதுதான். பேனாவை வாங்கி முதல் இடத்தில் நான் போட்டேன். எத்தனையோ தாள் அடுத்தவர் கையெழுத்துக்கு மேலே நிரப்பியிருக்கிறேன். என் பெயர் அந்த இடத்தில் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

இரண்டாவது கையெழுத்து அவர் போட்டார். நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார்.

பிப்ரவரி 26, திங்கள்

மனுவின் நகல் சாஹேப்ரு மேஜைக்கு வந்துவிட்டது. எதிர்பார்த்ததுதான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். என் எழுத்தை அவர் முழுசாகப் படித்து நான் பார்த்ததே இல்லை. "இவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்தவளா அந்தக் கேள்வியை அப்படி எழுதினாய்?" என்றார்.

ஆமாம் சார் என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். சாவியை வைத்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னார். கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள் கட்டை எண்ணாமல் வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார். வீட்டம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள், வெளியே வரவில்லை. ஆகஸ்டில் யோசித்து வைத்த புடவையைக் கட்டிக்கொண்டு போகவில்லை. கும்பிடும் போடவில்லை.

மார்ச் 3, சனி

டைப்பிங் வேலைக்கு மூன்று இடத்தில் கேட்டாயிற்று. வெயில் ஆரம்பித்துவிட்டது. ஷீட் கொதிக்கிறது.

மார்ச் 14, புதன்

தாலுக் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் டேப். இன்னொருவர் கையில் சிவப்பு பெயின்ட் டப்பா. "வனஜா யாரு?" என்று கன்னடத்தில் கேட்டார். காலனியே வந்து நின்றுவிட்டது.

ஒவ்வொரு ஷெட்டையும் அளந்து கதவில் நம்பர் போட்டார்கள். மனுவில் கையெழுத்து இருந்த வரிசைப்படி போட்டதால் எங்கள் கதவில் ஒன்று. அளப்பது இடிக்கவா, பட்டா கொடுக்கவா என்று இளங்கோவன் கேட்டான். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுப்பா. இருக்கறத எழுதிக்கினு வரச் சொன்னாங்க" என்றார் டேப் பிடித்தவர், தமிழிலேயே. இரண்டுக்கும் இப்படித்தான் நம்பர் போடுவார்கள். எனக்குத் தெரியும். இரண்டு விதமான ஃபைலையும் பார்த்திருக்கிறேன்.

சந்திரம்மா அக்கா தன் கதவில் போட்ட நம்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலில் ஒட்டின பெயின்டை என் கன்னத்தில் தடவினார். சிரித்தார். நானும் சிரித்தேன், பயத்தோடுதான்.

சாயங்காலம் வைஷ்ணவி வந்து கதவு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து பையைத் திறந்தாள். பரீட்சை விண்ணப்பம் நிரப்ப வேண்டுமாம். மண்டி போட்டு எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"கதவு எண் ஒண்ணு, ஷெட் காலனி. அம்மா, நம்ம பின்கோடு என்ன?"